வெர்சாயில் சமாதானம், பாலக்காட்டில் முற்றுகை

1783 செப்டம்பர் 3 அன்று வெர்சாயில் பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜும் பிரான்சின் பதினாறாம் லூயியும் தம் தூதர்கள் வழியே செய்துகொண்ட சமாதான உடன்படிக்கை, வகுப்பறைகளில் அமெரிக்க விடுதலையின் ஒரு பின்குறிப்பாக மட்டுமே பேசப்படுகிறது. அதே நாளில் பாரிசில் அமெரிக்கர்களோடு கையொப்பமான உடன்படிக்கைக்கே முழு வெளிச்சமும் கிடைத்தது. ஐரோப்பிய வரலாறு ஒரு தாளிலும் வட்டார வரலாறு இன்னொரு தாளிலும் இருக்கும் வரை இந்நிலை மாறாது. ஆனால் அவ்வுடன்படிக்கை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் மட்டும் உரியதன்று. பாலக்காட்டுக் கோட்டையின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் முதலில் எடுத்து வாசிக்க வேண்டிய பனுவல்களுள் அதுவும் ஒன்று. அதைத் தவிர்த்து எழுதப்படும் பாலக்காட்டு வரலாறு, காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் கூறும் வரலாறு.

அந்தப் போர் இந்தியாவில் எப்படி நடந்தது என்பது ஓரளவு அறியப்பட்டதே. 1778இல் பிரான்ஸ் போரில் இறங்கியது. அவ்வாண்டே புதுச்சேரியும், 1779இல் மாகேயும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. தனக்குப் படைக்கலம் வந்து சேர்ந்த மாகேயைத் தன் பாதுகாப்பில் உள்ள இடமாகக் கருதிய ஹைதர் அலி, 1780இல் கர்நாடகத்தின் மீது படையெடுத்தார். 1782இல் கர்னல் ஹம்பர்ஸ்டன் பாலக்காடு வரை வந்து பொன்னானிக்குப் பின்வாங்கினார். அவரைத் துரத்திச் சென்ற திப்புவுக்கு டிசம்பரில் தந்தையின் மரணச் செய்தி மலபாரில்தான் கிடைத்தது.

அடுத்த ஆண்டில் நடந்ததே இங்கு முதன்மையானது. 1783 ஜனவரி 20 அன்று இரு முடியரசுகளும் பூர்வாங்க உடன்பாட்டில் கையொப்பமிட்டன. கடல் கடந்து அச்செய்தி கடலூரை எட்டியபோது ஜூன் இறுதி. அங்கே புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் எதிரெதிரே நின்றிருந்தன. சண்டை நின்றது. மங்களூரில் திப்புவோடு முற்றுகையில் நின்ற பிரெஞ்சுக்காரர்களும் விலகிக்கொண்டனர். மறுபுறம், கடலூர்ப் படைக்கு உதவப் புறப்பட்டிருந்த கர்னல் வில்லியம் ஃபுல்லார்ட்டனுக்கு அங்கே இனி வேலையில்லை. கடலூரில் ஓய்ந்த படையின் ஒரு பகுதியும் அவருக்கு வந்து சேர்ந்தது. பெருகிய அந்தப் படை பழனியைக் கடந்து, ஆனைமலைக் காடுகளின் வழியே மழையில் நகர்ந்து, நவம்பரில் பாலக்காட்டுக் கோட்டையைப் பிடித்தது. ஐரோப்பாவில் பிறந்த சமாதானம் பாலக்காட்டை வந்தடைந்தபோது முற்றுகையாகவே வந்தடைந்தது. இவ்வரிசையை ஒரே பக்கத்தில் வைத்துக் காட்டும் பாடநூல் அரிது.

திப்புவுக்கும் ஆங்கிலேயருக்கும் இடையிலான பகை வெர்சாய் இல்லாமலும் தொடர்ந்திருக்கும், சென்னை அரசின் வெறுங்கருவூலமே அடுத்த ஆண்டின் உடன்படிக்கைக்குக் காரணம் என்று வாதிடுவோர் உண்டு. கருவூலம் வெறுமையாக இருந்தது உண்மையே. 1782இல் மராத்தியரோடு செய்துகொண்ட சால்பாய் உடன்படிக்கையும் திப்புவைத் தனிமைப்படுத்தியிருந்தது. ஆனால் இவ்வாதம் ஒரு கேள்விக்கு விடை தருவதில்லை. படைகள் அந்த ஆண்டில், அந்தத் திசையில், அந்த எண்ணிக்கையில் ஏன் நகர்ந்தன? பணமின்மை ஓர் அரசைப் பேச்சுவார்த்தைக்குத் தள்ளலாம். கடலூரில் நின்ற படையை அது பாலக்காட்டுக்கு அனுப்பாது.

இனி உடன்படிக்கையின் சொற்களுக்கு வரலாம். அதன் 14, 15ஆம் பிரிவுகள் புதுச்சேரி, காரைக்கால், மாகே ஆகியவற்றைப் பிரான்சுக்குத் திருப்பித் தருகின்றன. 16ஆம் பிரிவு, இரு தரப்புக்கும் இந்தியாவில் உள்ள கூட்டாளிகள் இச்சமாதானத்தில் சேர அழைக்கப்படுவர் என்கிறது. முடிவு செய்ய அவர்களுக்கு நான்கு மாத அவகாசம்; மறுத்தால் எந்தத் தரப்பும் அவர்களுக்கு உதவாது. அந்தக் கூட்டாளிகள் யார்? பெயர் இல்லை. நான்காண்டுகளாக ஆங்கிலேயரைத் திணறடித்த மைசூர் அரசு அப்பனுவலில் ஒரு பன்மை விகுதிக்குள் அடங்கிவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன், 1763இன் பாரிஸ் உடன்படிக்கையில் நிலை வேறு. அதன் 11ஆம் பிரிவு முகம்மது அலியைக் கர்நாடக நவாபாகவும் சலாபத் ஜங்கைத் தக்காண சுபேதாராகவும் பெயர் சுட்டி ஏற்றது. (சலாபத் ஜங் அப்போது தம்பியின் சிறையில் இருந்தார் என்பது வேறு கதை.) 1783இல் அந்தப் பொய் மரியாதையும் போயிற்று. இத்தனைக்கும் எழுதியவர்கள் சொல்லில் அசட்டையானவர்கள் அல்லர். மன்னர்களின் பட்டங்களால் யாருக்கும் உரிமையோ பாதகமோ விளையாது என்று ஒரு தனிப்பிரிவு. பிரெஞ்சு மொழியைப் பயன்படுத்தியது முன்னுதாரணமாகாது என்று மற்றொன்று. மொழிக்கும் பட்டத்துக்கும் இத்தனை காவல் போட்டவர்கள் ஒரு போரிடும் அரசைப் பெயரின்றி விட்டதை மறதி என்று யாரும் கொள்ள முடியாது.

1784 மார்ச் 11இன் மங்களூர் உடன்படிக்கை இதைவிடக் கொடிது. அதில் பெயர்கள் உண்டு. தஞ்சாவூர், திருவிதாங்கூர் அரசர்கள் ஆங்கிலேயரின் நண்பர்கள். கண்ணூர் பீவியும் மலபார்க் கரையின் ராஜாக்களும் ஜமீன்தார்களும் திப்புவின் நண்பர்கள்! அப்போரில் ஆங்கிலேயரோடு நின்ற சாமூதிரி குடும்பத்தாரும் அக்கரையினர்தாம். ஒரு வாக்கியத்தின் பயனிலை அவர்களை, யாரை எதிர்த்தார்களோ அவருடைய கூட்டாளிகளாக்கியது. அதற்குள் ஃபுல்லார்ட்டன் சென்னையின் ஆணைப்படி பின்வாங்கியிருந்தார். கோட்டை மீண்டும் மைசூருக்குரியதாயிற்று. எந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதன் விலை 1789 டிசம்பரில் தெரிந்தது. திருவிதாங்கூர் அரண்வரிசையைத் திப்பு தாக்கியபோது, அது ஆங்கிலேயருக்குப் போர் தொடுக்கக் காரணமாயிற்று. மலபார் ராஜாக்களுக்காக 1784க்குப் பின் அப்படி ஒரு காரணம் எழவில்லை.

‘உடன்படிக்கை’ என்பது உடன்படு என்னும் வினையடியாகப் பிறந்த சொல். யார் உடன்பட்டார்கள் என்று கேளாமல் அச்சொல்லை எழுதுவது மொழியியல் கற்றவருக்கும் வரலாறு கற்றவருக்கும் ஒருசேரத் தகாது. ஆனால் நடப்பது அதுவே. மங்களூர் உடன்படிக்கை திப்புவின் வெற்றியா, ஆங்கிலேயரின் அவமானமா என்று இரு அணிகள் ஓயாமல் மோதுகின்றன. பனுவல் யாரை எழுவாயாக ஏற்றது, யாரை எச்சமாக விட்டது என்பதில் இரு அணிக்கும் அக்கறையில்லை. இரண்டுமே கையொப்பமிட்டவர்களின் வரலாறு.

இதனால் இழப்பவர்கள் இருக்கிறார்கள். சித்தூரிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழ்வழியில் பயிலும் மாணவர், பிறகு கல்லூரிக்கு வரும்போது, தம் எல்லைப்புறத்தைப் பிறர் போர்களின் வழித்தடமாகவே சந்திக்கிறார். மன்னர்களின் பெருமிதம் அவருக்குத் தரப்படுகிறது. அதற்கு மேல் வினவினால் அது ‘உலக வரலாறு’, வேறு தாள். 16ஆம் பிரிவைத் தமிழில் பெயர்த்து, ஃபுல்லார்ட்டன் 1787இல் வெளியிட்ட நூலின் பாலக்காட்டுப் பகுதிக்கு அருகே வைத்து வாசிக்க ஒரு பருவத்தின் இரண்டு வகுப்புகள் போதும். இதற்குப் புதிய துறையோ நிதியோ தேவையில்லை. துறைகளுக்கிடையே எழுப்பிய சுவரைக் காப்பவர்கள் சற்று விலகினால் போதும்.

பாலக்காட்டின் பெயர் இறுதியில் ஓர் உடன்படிக்கையில் ஏறத்தான் செய்தது. 1790இல் ஆங்கிலேயர் கோட்டையை மீண்டும் பிடித்தனர். 1792இன் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில், இன்றைய இடுக்கியின் கிழக்கே கிடக்கும் திண்டுக்கல், பழனிப் பகுதிகளோடு சேர்ந்து, அது பாலக்காட்டுச்சேரி என்ற உருவில் இடம்பெறுகிறது. கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கப்படும் நிலங்களின் பட்டியலில், பெயருக்கு எதிரே ஆண்டு வருவாய்த் தொகை.