இல்லமும் இயந்திரமும்: கண் திறவாத கணினி

சென்ற மாதம் நம் சங்கத்துக்கு வந்த கடிதங்களுள் ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. எழுதியவர் தில்லியில் வாழும் ஓர் இல்லத்தரசி. வீட்டு மேசைக் கணினியின் விசையை அழுத்தினால் விசிறி சுழல்கிறதாம். திரையோ இருண்டே கிடக்கிறதாம். தூக்கிச் சென்று காட்டிய கடையில், மூடியைக்கூடத் திறந்து பாராமல், "ஃபார்மட் செய்தால்தான் சரியாகும்" என்று கூறிவிட்டார்கள். மறைந்த மாமியார் பாடிய தாலாட்டுகள் அந்தக் கணினி ஒன்றில் மட்டுமே பதிவாகி உள்ளன. அம்மையார் பெட்டியை ஆட்டோவில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். மிக நன்று செய்தார்!

விசிறி சுழன்றும் திரையில் ஓர் எழுத்தும் தோன்றவில்லையெனில், கணினி தன் வன்வட்டைப் படிக்கும் கட்டத்திற்கே இன்னும் வரவில்லை என்பது பொருள். அந்நிலையில் வட்டை அழிக்கச் சொல்வது, அடுப்பு எரியவில்லை என்றதற்கு அரிசியைக் கொட்டிவிடச் சொல்வதை ஒக்கும்.

இத்தகைய நோய்க்குப் பெரும்பாலும் நினைவகப் பலகையே, அதாவது 'ராம்' எனப்படுவதே, காரணமாக இருக்கக் கண்டிருக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் இங்கு வீசும் 'ஆந்தி' எனும் புழுதிக்காற்று எந்தப் பெட்டியையும் விட்டுவைப்பதில்லை. முதலில் திரையின் கம்பி உரிய இடத்தில் உறுதியாகச் செருகியுள்ளதா என்று பாருங்கள். பிறகு மின்கம்பியைச் சுவரிலிருந்து அறவே கழற்றி, விசையைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். எஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். பக்கவாட்டு மூடியைத் திறந்து, பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொட்டபின், ராம் பலகையின் தாழ்களை விலக்கி அதனை எடுங்கள். பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துகளைத் தட்டிவிட்டு, 'டக்' என்று தாழ் விழும்வரை மீண்டும் அழுத்துங்கள். இரண்டு பலகைகள் இருப்பின் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது நலம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்க வேண்டா. கம்பியைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

இவ்வாறே அம்மையாருக்கு எழுதினேன். ஒரு பலகையை நீக்கியதும் திரை ஒளிர்ந்தது என்று பதில் வந்தது. ஆனால் தேதி மட்டும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்ததாம். அது தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்ததன் அறிகுறி. 'சிஆர் 2032' என்று கேட்டால் 3 வோல்ட் கலம் சொற்ப விலைக்குக் கிடைக்கும்.

நிறுவனச் சின்னம் தோன்றி, வட்டம் சுழன்றுகொண்டே நிற்பது வேறு நோய். பென் டிரைவ் முதலியவற்றைக் கழற்றிவிட்டு முயலுங்கள். விண்டோஸ் இரண்டு மூன்று முறை தொடங்கத் தவறினால் தானாகவே பழுதுநீக்கும் பக்கத்தைக் காட்டும். அங்கே 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', 'சேஃப் மோட்', அண்மைப் புதுப்பிப்பை நீக்குதல் ஆகியன உண்டு. சில கணினிகள் 'பிட்லாக்கர்' பூட்டுக்குரிய 48 இலக்க எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே அதைப் பார்த்து ரேஷன் கார்டு வைக்கும் உறையில் எழுதி வையுங்கள். அவ்வெண் இல்லையேல் எந்தக் கடைக்காரராலும் திறக்க இயலாது.

வட்டிலிருந்து 'டிக் டிக்' என்ற ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். மீண்டும் மீண்டும் முயலுவது கேட்டையே விளைவிக்கும்.

கடைக்குச் செல்ல நேர்ந்தால், இந்தி தடுமாறும் நம் சகோதரிகள் இவ்வொரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளலாம்: "பஹலே டேட்டா நிகால் தீஜியே, ஃபார்மட் மத் கீஜியே." முதலில் உள்ளதை நகலெடுங்கள், அழிக்காதீர்கள் என்பது பொருள்.

தாலாட்டுகள் இப்போது ஒரு பென் டிரைவிலும், சென்னையில் நாத்தனார் வீட்டிலும் நகலாக இருக்கின்றன. இன்வெர்ட்டர் பற்றி வினவியிருக்கும் நேயர்களுக்கு அடுத்த இதழில் எழுதுவேன்.