இன்ஸ்டால் பண்ணு, வேலை செய்யுதுல்ல?

நம்ம ஊர் வெப் டெவலப்பர்கள் மத்தியில் அதிகம் புழங்கும் அறிவுரை இதுதான்: "ஏன்னு கேட்டுட்டு இருக்காத, இன்ஸ்டால் பண்ணு, வேலை செய்யுதுல்ல?" சீனியர் ஜூனியரிடம் சொல்கிறார். ரெண்டு வருஷத்தில் அந்த ஜூனியர் சீனியராகி அடுத்து வருகிறவரிடம் அதையே சொல்கிறார். இப்படிக் கைமாறி வருவதற்குப் பெயர் கல்வி இல்லை. பழக்கம்.

கருவிகளின் ஆயுளைக் கொஞ்சம் பாருங்கள். ஜேக்வெரி 2006இல் வந்தது. ஆங்குலர்ஜேஎஸ் 2010, ரியாக்ட் 2013, வியூ 2014. 2016இல் வந்த ஆங்குலர் இரண்டாம் பதிப்பு பழையதோடு ஒத்துப்போகவில்லை. ஆங்குலர்ஜேஎஸ்ஸைக் கரைத்துக் குடித்தவர்கள் திரும்பவும் அரிச்சுவடியில் உட்கார்ந்தார்கள். 2021 முடிவோடு அதற்கான ஆதரவையும் கூகுள் நிறுத்திவிட்டது. ஆனால் உலகின் முதல் இணையதளத்தின் 1992ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றை செர்ன் இன்னும் வைத்திருக்கிறது. உங்கள் போனில் இப்போதே திறந்து பாருங்கள், திறக்கும். முப்பது வருஷத்துக்கு முந்தைய எச்டிஎம்எல்லை இன்றைய பிரவுசர் தடுமாறாமல் படிக்கிறது. நிலைத்து நிற்பது எது, உதிர்ந்து போவது எது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் நாம் காசு கட்டிப் படிப்பதெல்லாம் உதிர்வதைத்தான். எச்டிஎம்எல்லா? "அதெல்லாம் ஒரு நாள்ல முடிச்சிடலாம் ப்ரோ."

முடித்த லட்சணம் பக்கத்தைத் திறந்தால் தெரிகிறது. பட்டன் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு டிவ்வைப் போட்டு, கலர் அடித்து, அதன் தலையில் ஒரு கிளிக்கைக் கட்டிவிடுகிறோம். மவுஸ் வைத்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கீபோர்டை மட்டும் நம்பியிருப்பவர் டேப் விசையை எத்தனை முறை தட்டினாலும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியாது. பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்று சொல்லாது. உண்மையான பட்டன் டேக்கைப் போட்டிருந்தால் இது எல்லாமே சும்மா கிடைத்திருக்கும். என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை 2006இல் தொடங்கியது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு பார்வையற்ற இளைஞர்; கூடச் சேர்ந்து அதை வளர்த்தவரும் பார்வையற்றவர். வசதியில்லாதவர் கையிலும் கணினி பேச வேண்டும் என்று அவர்கள் உழைத்தார்கள். அந்த உழைப்பை நம்முடைய ஒரு சோம்பேறி டிவ் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. "வேலை செய்யுதுல்ல?" என்று கேட்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாருக்கு?

"இன்டர்வியூல ரியாக்ட்தான் கேக்குறாங்க, நாங்க என்ன பண்றது?" நியாயமான கேள்வி. வீட்டுக் கடனை வைத்துக்கொண்டு தத்துவம் பேச முடியாது. ரியாக்ட் படியுங்கள். ஆனால் ரியாக்டிலும் பட்டன் டேக் எழுதலாம், அது யார் கையையும் பிடித்துத் தடுக்கவில்லை. கருவியின் மேல் எனக்குக் கோபமில்லை. கருவிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதையே நேர விரயம் என்று சொல்லிக்கொடுக்கும் கூட்டத்தின் மேல்தான் கோபம்.

எட்டிப் பார்க்காததன் விலையை 2016 மார்ச்சில் உலகமே பார்த்தது. லெஃப்ட்-பேட் என்று ஒரு சின்ன நிரல், 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கம் தேவையான அளவு இடைவெளியோ பூஜ்ஜியமோ சேர்க்கும், அவ்வளவுதான். அதை எழுதியவர் ஒரு பெயர்த் தகராறில் தன் நிரல்களையெல்லாம் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். ரியாக்ட், பேபல் வரைக்கும் பில்டுகள் உடைந்தன. ஒரு மணி நேரத்தில் யாரும் எழுதிவிடக்கூடிய பதினொரு வரி அது. தங்கள் புராஜெக்டுக்குள் அது இருப்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது இன்ஸ்டால் செய்யும் சிரமம்கூட இல்லை, ஏஐயே எழுதிக் கொடுத்துவிடுகிறது. கொடுக்கட்டும். அது டிவ்வைப் பட்டனாக வேஷம் போட்டு நீட்டும்போது, "இது தப்பு" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். "ஏன்னு கேக்காத" என்று வளர்க்கப்பட்டவரால் அதைச் சொல்ல முடியாது.

சமூகம், கம்யூனிட்டி என்று நாம் நிறையப் பேசுகிறோம். மீட்டப்பில் கொடுக்கும் டீ-ஷர்ட்டும் ஸ்டிக்கரும் சமூகம் ஆகாது. புதிதாக வந்த பிள்ளை "ஏண்ணா இப்படி?" என்று கேட்கும்போது, பத்து நிமிஷம் ஒதுக்கி, அந்தப் பிள்ளைக்குப் புரிகிற தமிழில் பதில் சொல்கிறவர் இருக்கும் இடம்தான் சமூகம். பதில் தெரியவில்லையா? "தெரியலப்பா, வா, சோர்ஸைத் திறந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பிரவுசரில் அதற்கு ஒரு ரைட் கிளிக் போதும்.