சொம்புக்கு டிசைனர் யாரு பாஸ்?

இந்த வாரம் ஒரு குட்டி க்விஸ்ஸோட ஆரம்பிக்கலாம். உங்க வீட்டு கிச்சன்ல இருக்கிற சொம்பை டிசைன் பண்ணினது யாரு?

'இதெல்லாம் ஒரு கேள்வியா?'னு முறைக்காதீங்க. உலகம் பூரா பேர் வாங்கின ஒரு டிசைனர் ஜோடியே இந்தக் கேள்வியில விழுந்து கிடந்திருக்கு. அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி. நாற்காலி டிசைன்ல கில்லாடிங்க. நம்ம மத்திய அரசு கூப்பிட்டு இந்தியாவுக்கு வந்தாங்க. மூணு மாசம் ஊர் ஊரா சுத்திட்டு, 1958-ல ஒரு ரிப்போர்ட் கொடுத்தாங்க. இங்கே பார்த்த பொருள்கள்லயே அவங்க ரொம்ப அசந்துபோய் எழுதினது எதைப் பத்தித் தெரியுமா? சாட்சாத் நம்ம சொம்பு!

ஒரு சொம்பை டிசைன் பண்ணணும்னா என்னென்ன யோசிக்கணும்னு வரிசையா கேள்வியா அடுக்கியிருக்காங்க. எவ்வளவு தண்ணி பிடிக்கணும்? தூக்குற கை எத்தனை பெருசு, அதுல எவ்வளவு பலம்? கையில தூக்குவாங்களா, இடுப்புல வைப்பாங்களா, தலையிலயா? காலியா இருந்தா பாரம் எங்கே நிற்கும், நிறைஞ்சா எங்கே நிற்கும், சாய்ச்சா எங்கே போகும்? கழுவுறதுக்கு வாய் வசதியா இருக்கா? சூடா ஏதாச்சும் ஊத்தினா பிடிக்க முடியுமா? தரையில வெச்சா என்ன சத்தம் வரும்? கடைசியில பழசாகி எடைக்குப் போட்டா என்ன தேறும்? அடேங்கப்பா! எங்க பாட்டி பாத்திரக்கடையில சொம்பைத் தட்டிப் பார்த்துக் கேட்கிற அத்தனையும் அந்த லிஸ்ட்ல இருக்கு.

இதை யாரோ ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து டிசைன் பண்ணியிருக்கவே முடியாது, எத்தனையோ தலைமுறை ஆளுங்க கொஞ்சம் கொஞ்சமா செதுக்கினதுங்கிறதுதான் அவங்க வந்து சேர்ந்த முடிவு. அந்த ரிப்போர்ட்டைத் தொடர்ந்து 1961-ல அகமதாபாத்ல ஆரம்பிச்சதுதான், டிசைன் படிக்கிற பசங்களோட கனவு காலேஜான என்.ஐ.டி.

இதைப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரு வியாதி. எங்க ஊர் திருவண்ணாமலையில சும்மா தெருவுல போக முடியலை. எதைப் பார்த்தாலும் 'இதுக்கு டிசைனர் யாரு?'னு மண்டைக்குள்ள மணி அடிக்குது. இந்த வியாதிக்குத் தோதான வண்டி சைக்கிள்தான். பைக்ல பறந்தா எதிர்ல வர்ற லாரி மட்டும்தான் கண்ணுல படும். நடந்தா பாதி ஊர்லயே கால் கெஞ்சும். சைக்கிள்லனா, தோணின இடத்துல ஒரு காலை ஊன்றி நின்னு வேடிக்கை பார்க்கலாம். முக்கியமா, பெட்ரோலுக்கு அப்பாகிட்ட கை நீட்ட வேணாம்!

கிரிவலப் பாதையையே எடுத்துக்கோங்க. 14 கிலோமீட்டர். (பௌர்ணமி அன்னிக்கு சைக்கிளை வீட்டுல பூட்டிடுங்க. அன்னிக்கு லட்சக்கணக்கான ஜனத்துக்கு நடுவுல கால்தான் வண்டி.) கிழக்கே கோயில் பக்கம் நின்னா மலை ஒரே முக்கோணம். மிதிக்க மிதிக்க அதுக்குத் தோள் முளைக்கும், முதுகு வளையும். ஒரு இடத்துல அஞ்சு முகடும் சேர்ந்து தெரியும், பஞ்சமுக தரிசனம்னு சொல்வாங்க. ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல எஞ்சினீயரிங் டிராயிங்னு ஒரு பேப்பர் நம்மளை அழவெச்சுதே, ஞாபகம் இருக்கா? ஃப்ரன்ட் வியூ, சைடு வியூ, டாப் வியூ... ஒரே பொருளை நாலு பக்கத்துல இருந்தும் பார்த்தாதான் அது என்னனு புரியும்கிற பாடம். அந்தப் பாடத்தை 2,668 அடி உயரத்துல ஊருக்கு நடுவுல வெச்சிருக்கோம். நாம என்னடான்னா சாஃப்ட்வேர்ல மௌஸைச் சுத்திக்கிட்டு இருக்கோம்.

விடிகாலையில தெருவுக்குள்ள வந்தா கோலம். 'அட, அம்மா போடுற கோலம்தானே'னு தாண்டிப் போகாதீங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் கண்மணிகளே! தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் கோலத்தோட இலக்கணத்தை ஆராய்ஞ்சு 1974-ல ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்காங்க. புள்ளிக் கோலம் எந்த விதிப்படி பெருசாகுது, சின்ன கோலத்துல இருந்து பெரிய கோலத்தை எப்படி வருவிக்கலாம்னு எல்லாம் கம்ப்யூட்டர் தியரி பாஷையில! நாம தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் பேப்பர்ல மோதி மண்ணைக் கவ்வுற அதே பாஷை.

சரி, நான் மிதிக்கிற சைக்கிளுக்கே வர்றேன். 1991-ல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்போ, கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் ஒரு காரியம் பண்ணினாங்க. எழுத்து கத்துக்க வந்த பெண்கள் சைக்கிளும் கத்துக்கட்டும்னாங்க. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்குல ஓட்டக் கிளம்பினதுல, கடைகள்ல லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு! அப்போ சிலர் என்ன சொன்னாங்கனு பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கார். ஜென்ட்ஸ் சைக்கிளே தேவலையாம். ஏன்னா அதுல சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல குறுக்குக் கம்பி இருக்கு, குழந்தையை உட்கார வெச்சுக்கலாம்! சேலை கட்டுறவங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு கம்பெனிக்காரன் எடுத்த கம்பியை, சேலை கட்டினவங்களே திருப்பிக் கேட்டிருக்காங்க. 'யூஸரைக் கேட்காம டிசைன் பண்ணாதே'னு ஒரு செமஸ்டர் முழுக்க நடத்துற பாடம், ஒரு இரும்புக் குழாயில முடிஞ்சுபோச்சு.

ஊரை விட்டு வெளியே போனாலும் எங்க மாவட்டத்துல கைவேலைக்குப் பஞ்சமில்லை. ஆரணியில பட்டு, வந்தவாசியில கோரைப்பாய். ஆனா இந்த வாரம் நான் சொல்ல நினைச்சது ஜடேரி. செய்யாறு பக்கம் இருக்கிற கிராமம். இங்கேருந்து சைக்கிள்ல போனா முட்டி கழண்டுடும், பஸ்தான். பெருமாள் பக்தர்கள் நெத்தியில இட்டுக்கிற நாமக்கட்டிக்குப் பேர்போன ஊர். 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. சிவன் மலையைச் சுத்துற மாவட்டத்துல இருந்து ஊருக்கெல்லாம் நாமம் போடுறோம்! (மொக்கைதான், பொறுத்துக்கோங்க.)

அதுல டிசைன் என்ன இருக்குங்கிறீங்களா? மண்ணைத் தண்ணியில கரைச்சு, மணலும் குறுணையும் அடியில தங்கினதும், மேலே மிதக்கிற நைஸான வெள்ளை மண்ணை மட்டும் தனியாப் பிரிச்சு, தெளியவெச்சு, கையால உருட்டிக் காயவைக்கணும். பெரிய துகள் சீக்கிரம் அடியில போகும், சின்னது மெதுவாப் போகும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ஸ்டோக்ஸ் விதினு நாம மனப்பாடம் பண்றது இதைத்தான். எந்த நொடியில தண்ணியை இறுக்கணும்கிறது அந்தக் கைகளுக்குத் தெரியும். ஃபார்முலா தேவைப்படலை.

இங்கேதான் எனக்கு நெருடுது. புவிசார் குறியீடு பேரைக் காப்பாத்தும். கையை? பக்கத்துலயே செய்யாறு சிப்காட்ல ஷூ கம்பெனிகள் இருக்கு. மாசம் பொறந்தா சம்பளம். அந்த ஊர்ல பொறந்து எனக்கும் இப்போ இருபது வயசுனா நான் மண்ணைக் கரைப்பேனா, கம்பெனி பஸ் ஏறுவேனா? பொய் சொல்ல விரும்பலை. பஸ்தான் ஏறுவேன். அதனால, 'பாரம்பரியத்தை விட்டுடாதீங்க'னு யாருக்கும் அட்வைஸ் பண்ற தகுதி எனக்கில்லை. ஆனா எஞ்சினீயரிங் படிக்கிற நாம அங்கே போய், 'உங்க வேலையிலயே உடம்பை ரொம்பப் படுத்துறது எது?'னு கேட்கலாம்ல? வருஷா வருஷம் புராஜெக்ட்னு நாம கடையில காசு கொடுத்து வாங்கி சப்மிட் பண்ற லைன் ஃபாலோயர் ரோபோ, அந்தக் கேள்வி கிட்டேகூட வர்றதில்லை.

அப்படிக் கேட்டுப் போன ஆளுங்க இருக்காங்க. என்.ஐ.டி-யில ரொம்ப வருஷம் பேராசிரியரா இருந்த எம்.பி.ரஞ்சன், வடகிழக்கு மாநில மூங்கில், பிரம்புக் கைவேலைகளைத் தேடித் தேடிப் பதிவு பண்ணினவர். 2015-ல இறந்துட்டார். அந்தப் புத்தகம் கிடைச்சா ஒருமுறை புரட்டிப் பாருங்க. ஒரு கூடையோட முடிச்சை, நாம மெஷின் பார்ட்டை வரையற மாதிரி பிரிச்சுப் பிரிச்சு வரைஞ்சிருப்பாங்க. ஆர்வம் இருக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: பி.இ. முடிக்கிறவங்களும் எம்.டெஸ். படிக்கலாம். ஐ.ஐ.டி. பாம்பே நடத்துற சி.இ.இ.டி. நுழைவுத்தேர்வு இருக்கு. அதுல வரையவும் சொல்வாங்க, இப்பவே பென்சிலைச் சீவிக்கோங்க!

நான் சீவிட்டேன். என் நோட்டுல கடைசியா வரைஞ்சது, ப்ளஸ் ஒன்ல கவர்மென்ட் கொடுக்கிற இலவச சைக்கிள் ஒண்ணு. முன்னாடி கூடை இருக்கு. ஆனா புத்தகத்தைத் திணிச்ச ஸ்கூல் பேக் அதுல அடங்கலை. அதை ஓட்டிட்டு வந்த பொண்ணு, பஞ்சர் கடையில பழைய டியூபை நீளமா வெட்டி வாங்கி, ரெண்டு முனையிலயும் கொக்கி போட்டு, பின் கேரியர்ல பேக்கை இறுக்கிக் கட்டியிருந்துச்சு. 'யார் சொல்லிக் கொடுத்தாங்க?'னு கேட்டேன். "எங்க ஸ்கூல்ல எல்லாரும் இப்படித்தாண்ணா கட்டுவோம்"னு சொல்லிட்டு, பெல் அடிச்சுக்கிட்டே போயிடுச்சு. டியூபோட அகலத்தை அளக்க மறுபடி ஒருநாள் ஸ்கூல் விடுற நேரத்துக்கு டேப்போட போகணும்.