கதவில் ஒட்டியிருந்த டேப்பைக் கண்டது யார்?

சிறந்த அரசியல் திரில்லர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் 'தி பாரலாக்ஸ் வியூ' (1974), 'த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டோர்' (1975), 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' (1976) மூன்றும் வந்துவிடுகின்றன. நல்ல படங்கள்தான், மறுக்கவில்லை. அந்தத் திகில் யாருடைய திகில் என்றுதான் கேட்கிறோம்.

அரசு ஒட்டுக்கேட்கும், பொய் சொல்லும், கொல்லும் என்பது அந்த வெள்ளை நாயகர்களுக்கு அதிர்ச்சி. கறுப்பின மக்களுக்கு அது அன்றாடம். 1969 டிசம்பர் 4 அதிகாலையில், சிகாகோவில், கருஞ்சிறுத்தைகளின் தலைவர் ஃபிரெட் ஹாம்டனைப் படுக்கையிலேயே சுட்டுக் கொன்றது போலீஸ். வயது 21. வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தவர் எஃப்.பி.ஐ.யின் உளவாளி. இதில் இல்லாத திரில்லரா?

வாட்டர்கேட் கட்டடக் கதவில் ஒட்டியிருந்த டேப்பைக் கண்டு போலீஸை அழைத்தவர் ஃபிராங்க் வில்ஸ் என்ற கறுப்பினக் காவலாளி. படத்தில் அவராகவே சிறிது நேரம் தோன்றினார். படம் 4 ஆஸ்கர் வாங்கியது. நிருபர்கள் நாயகர்கள் ஆனார்கள். வில்ஸ் 2000இல் வறுமையில் இறந்தார்.

1973இல் இவான் டிக்சன் இயக்கிய 'தி ஸ்பூக் ஹூ சாட் பை தி டோர்' படத்தில், கணக்குக் காட்டுவதற்காக சி.ஐ.ஏ.வில் சேர்க்கப்பட்ட கறுப்பர் ஒருவர், கற்ற வித்தையைத் தன் தெரு இளைஞர்களுக்குச் சொல்லித் தருகிறார். விரைவிலேயே அது திரையரங்குகளிலிருந்து அகற்றப்பட்டது.

1972இல் கருஞ்சிறுத்தைகளின் பெயரை ஏற்று பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸின் வழிவந்தவர்கள் நாங்கள். எங்கள் பட்டியலில் அந்தப் படமே முதலாவது.