கிரேன் வாடகை பேசுமுன் கிணற்று நீரைச் சோதியுங்கள்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் கோடை பிறந்து கிணறு வற்றத் தொடங்கியதும் விவசாயிக்கு முதலில் தோன்றுவது கிணற்றை ஆழப்படுத்தும் எண்ணமே. முன்பு கடப்பாரையும் கூடையுமாக மாதக் கணக்கில் நடந்த வேலையை இன்று கிரேன் சில நாட்களில் முடித்துவிடுகிறது. ஆனால் அதற்குக் கொடுக்கும் வாடகை, சிறு விவசாயியின் ஒரு போகத்து வருமானத்தையே விழுங்கிவிடலாம்.

இந்தப் பணம் வீணாகாமல் இருக்க இரண்டு கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அள்ள வேண்டிய மண், கல்லின் அளவு. மற்றொன்று, அள்ளிய பின் ஊறப்போகும் நீரின் தன்மை. தோல் பதனிடும் தொழில் நிறைந்த இப்பகுதியில் இரண்டாவது கணக்கே முக்கியமானது. ஆனால் பெரும்பாலும் மறக்கப்படுவதும் அதுதான்.

அள்ளும் கணக்கு

கிரேன் வாடகையை அடிக் கணக்கிலும் பேசலாம், நாள் கணக்கிலும் பேசலாம். அடிக் கணக்கில் பேசும்போது கிணற்றின் அகலத்தை மறந்துவிடக் கூடாது. 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றை 10 அடி ஆழப்படுத்தினால் சுமார் 3,140 கன அடி வெட்டி எடுக்க வேண்டும். விட்டம் 30 அடியானால் அதே 10 அடி ஆழத்திற்குச் சுமார் 7,070 கன அடி வரும். அதாவது, இரு மடங்குக்கும் மேல். எனவே அடிக்கு இவ்வளவு என்று பேசினாலும், அதைக் கன அடிக்கு எவ்வளவு என்று மாற்றிப் பார்த்து, அக்கம்பக்கத்தில் கொடுத்த கூலியோடு ஒப்பிடுவது நலம்.

நாள் வாடகை என்றால் வேறு கணக்கு. உடைத்த பாறை, கெட்டிப் பாறையைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடத்தை அடைக்கும். 7,070 கன அடிப் பாறை உடைந்தபின் சுமார் 10,600 கன அடியாகும். பக்கெட்டில் ஒரு நடைக்கு 15 கன அடி ஏறுவதாகவும், ஒரு நடைக்கு 5 நிமிடம் பிடிப்பதாகவும் வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 700 நடை. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடினாலும் ஏழு நாட்களுக்கு மேல் ஆகும். வெடி வைக்கவும் ஊற்று நீரை இறைக்கவும் கிரேன் சும்மா நிற்கும் நேரம் இதில் சேரவில்லை.

ஆகவே கிரேன் சும்மா நிற்கும் நாளுக்கு வாடகை உண்டா, இயந்திரம் பழுதானால் யார் பொறுப்பு, டீசல் யாருடையது, கிரேனைக் கொண்டுவந்து நிறுத்தும் வண்டிக் கூலி எவ்வளவு, மேலே கொட்டிய கல்லை அப்புறப்படுத்தும் டிராக்டர் கூலி யாரைச் சேர்ந்தது ஆகியவற்றை முன்பே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே சமயத்தில் கிரேனை வரவழைத்தால் வண்டிக் கூலி பங்காகிவிடும்.

வெடி வேலையை உரிமம் பெற்றவரிடமே விட வேண்டும். ஆட்கள் பக்கெட்டில் ஏறி இறங்குவதை அனுமதிக்கக் கூடாது. கம்பிவடத்தையும், கிரேன் நிற்கும் கரையின் உறுதியையும் தினமும் வேலை தொடங்குமுன் பார்க்க வேண்டும். விபத்து நேர்ந்தால் ஏற்படும் இழப்புக்கு முன்னால் வாடகை அற்பமே.

நீரின் கணக்கு

கச்சாத் தோல் அழுகாமல் இருக்க அதன்மேல் சாதாரண உப்பைத் தூவி வைப்பார்கள். தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் கரைந்து வெளியேறுகிறது. பல ஆண்டுகள் இந்தக் கழிவுநீர் சுத்தம் செய்யப்படாமல் பாலாற்றிலும் ஓடைகளிலும் நிலங்களிலும் விடப்பட்டது. பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஆயினும் ஏற்கெனவே மண்ணுக்குள் இறங்கிய உப்பு எளிதில் அகல்வதில்லை.

மேல்நீர் உப்பாக இருந்தால் அடியில் நல்ல நீர் கிடைக்கும் என்பது பலரது நம்பிக்கை. இது எப்போதும் உண்மையாவதில்லை. இங்குள்ள பாறை நிலத்தில் நீர், சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும்தான் நிற்கிறது. மேலுள்ள உப்பும் அதே வெடிப்புகளின் வழியாகவே கீழே இறங்குகிறது.

நீரின் உப்புத்தன்மையை அதன் மின்கடத்தும் திறனால் அளக்கிறார்கள். மீட்டருக்கு 0.7 டெசிசைமன்ஸுக்குக் கீழே இருந்தால் உப்பினால் தொல்லை இல்லை. 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்குக் கேடு. 3 என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு. ஓர் ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் ஒரு தண்ணீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர் பாய்கிறது. அதனுடன் 400 கிலோ உப்பும் வயலில் இறங்குகிறது. ஐம்பது கிலோ மூட்டையில் எட்டு மூட்டை! வாடகை கொடுத்து இத்தகைய நீரைத் தேடுவது, பணம் கொடுத்து நிலத்தைக் கெடுத்துக்கொள்வதாகும்.

எனவே கிரேனுக்கு முன்பணம் கொடுக்குமுன், தம் கிணற்று நீரையும், அருகில் தம்முடையதைவிட ஆழமான கிணறு அல்லது ஆழ்துளைக் கிணற்றின் நீரையும் சோதிக்க வேண்டும். ஆழத்தில் கிடைக்கப்போவது எது என்பதைப் பக்கத்து ஆழ்கிணறு ஓரளவு காட்டிவிடும். மழை நீர் கலந்தால் உப்பு குறைவாகத் தெரியும் என்பதால் கோடையில் மாதிரி எடுப்பதே சரி. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் அலசி, ஒரு லிட்டர் பிடித்து, பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், தேதி எழுதிக் காலம் தாழ்த்தாமல் சேர்க்க வேண்டும். இதற்கான ஆலோசனையை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பெறலாம்.

நீர் நடுத்தரமாக இருந்தால் பருத்தி, தென்னை போன்ற உப்பைத் தாங்கும் பயிர்களுக்கு மாறலாம். வயலில் ஓடும் மழை நீரை வண்டல் வடிகட்டிக் கிணற்றருகே இறக்குவதும், பண்ணைக் குட்டை வெட்டுவதும் உப்பின் கடுமையைத் தணிக்கும். அதே பணம் கிரேனைவிட இங்கே அதிகப் பயன் தரக்கூடும்.

யார் கொடுக்க வேண்டிய வாடகை?

தோல் தொழில் இவ்வட்டாரத்தில் விவசாயக் குடும்பங்களுக்கும் கூலி தரும் தொழில். அதை மறுக்க முடியாது. ஆனால் அதன் கழிவினால் கெட்ட கிணற்றுக்கு விவசாயி மட்டும் செலவு செய்வது முறையாகாது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையக் கணக்கு, 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், நிலுவை இழப்பீட்டை அரசு வழங்கி, அதை மாசு செய்தவர்களிடம் வசூலிக்கும்படி உத்தரவிட்டது.

கெட்ட நீரால் விளைச்சல் குறைவது மட்டும் இழப்பல்ல. நல்ல நீர் தேடிக் கிணற்றை ஆழப்படுத்திய செலவும் இழப்பே. கிரேன் வாடகையும் வெடிக் கூலியும் இழப்பீட்டுக் கணக்கில் சேர வேண்டும். தோல் பகுதிக் கிராமங்களில் கோடைதோறும் ஒவ்வொரு கிணற்று நீரையும் கட்டணமின்றிச் சோதித்துத் தருவது அரசின் கடமை. கிணற்றுக் கடன் தரும் கூட்டுறவுச் சங்கங்களும் வங்கிகளும், சிட்டாவைக் கேட்பதுபோல் நீர்ச் சோதனை முடிவையும் கேட்டால், கடனாளியாகும் பல குடும்பங்கள் தப்பும்.

அதுவரை கிரேன் ரசீதையும் நீர்ச் சோதனைத் தாளையும் விவசாயிகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நியாயம் கேட்கப் போகும் இடத்தில் வாய்ப்பேச்சைவிட அந்த இரண்டு தாள்களுக்கே மதிப்பு அதிகம்.