அசிட் கேனைக் கொடுக்குமுன் கல்லை விசாரியுங்கள்

எல்ல, பண்டாரவளைப் பக்கங்களில் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் பெருகியதோடு நீச்சல் தடாகங்களும் பெருகிவிட்டன. தடாகத்தைச் சுற்றி இயற்கைக் கல் பதிப்பதே இப்போது நாகரிகம். அதனால் ஸ்பிரிங்வெளியில் சிறியதொரு ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் என்னிடமும் மேசன்மார் வந்து நிற்கிறார்கள். "முதலாளி, கல்லுல பாசி புடிச்சிருக்கு. அசிட் ஒரு கேனும் மினுங்குற சீலர் ஒரு டின்னும் தாங்க."

கேட்டதைக் கொடுத்துக் காசை வாங்கிப் போடுவது இலகு. பல கடைகளில் நடப்பதும் அதுதான். ஆனால் என்ன கல் என்று கேட்காமல் அசிட் விற்பது, நோயைக் கேட்காமல் மருந்து விற்பதற்குச் சமம் என்பேன்.

கருங்கல் இறுக்கமானது, நீரை அதிகம் உறிஞ்சாது. அநுராதபுரத்துக் குட்டம் பொக்குண இரட்டைத் தடாகங்களைக் கட்டியவர்கள் எந்த டின்னையும் தேடி அலையவில்லை. பளிங்கும் சுண்ணக்கல்லும் அப்படியல்ல. அவை கல்சியம் காபனேற்று. அசிட் பட்டதும் பொங்கிக் கரையும். மினுக்கம் போய்விடும், மேற்பரப்பு சொரசொரப்பாகி அடுத்த மழைக்கு முன்னரைவிட அதிகமாகப் பாசி பிடிக்கும். இந்தியாவின் கடப்பாக் கல் கறுப்பாக இருப்பதால் அதைக் கருங்கல் என்று நினைத்து ஏமாறுவோரும் உண்டு. அதுவும் சுண்ணக்கல்லே. சந்தேகமென்றால் மறைவான மூலையில் ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நுரைத்தாலோ மங்கினாலோ அசிட்டை இறாக்கையிலேயே வைத்துவிடுங்கள்.

இன்னொரு விடயம் உயிரோடு சம்பந்தப்பட்டது. பாசிக்குக் குளோரின் தெளித்துவிட்டு, அது காயுமுன் அசிட்டையும் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். குனிந்து நின்று உரஞ்சுபவர் தோட்டத்து லயத்திலிருந்து நாட்கூலிக்கு வந்த பிள்ளை. இதைச் சொல்லாமல் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும் வியாபாரியை என்னால் மன்னிக்க முடியாது.

பெரும்பாலான கல்லுக்கு அசிட்டோ காரமோ இல்லாத சவர்க்காரத் திரவமும் நைலோன் பிரஷும் நிறையத் தண்ணீரும் போதும். இலாபம் குறைவுதான்.

சீலர் விடயத்திலும் மினுக்கத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. மேலே படலமாகப் படியும் வகை ஈரத்தில் வழுக்கும். அடியில் ஈரம் சிக்கினால் வெளிறி உரியும். கல்லுக்குள் ஊறி, ஆவியை வெளியே விடும் வகையே தடாக ஓரத்துக்குப் பொருத்தம். உப்பு நீர்த் தடாகமென்றால், தெறித்த நீர் காய்ந்து உப்பு கல்லுக்குள் பளிங்காகி மேற்பரப்பைப் பொருக்காக உதிர்க்கும். சீலர் அதைக் குறைக்குமேயன்றி நிறுத்தாது. அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவத்தான் வேண்டும்.

காய்ந்த கல்லில்தான் சீலர் பூச வேண்டும். எமது ஊவாவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான வரண்ட காலமே அதற்கு உகந்தது. ஒக்டோபர் மழைக்குள் வந்து டின் கேட்பவரிடம், "சிறிய மூலையில் பூசிப் பாருங்கள், மீதியை வெயில் காலத்தில் வாங்கலாம்" என்றுதான் சொல்வேன்.