கணக்கை விட்டவருக்குக் கதவு அடைப்பு

பி.ஏ. பொருளாதாரத்தில் முதல் வகுப்பு. பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம்கூட இருக்கலாம். இருந்தும் அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும் பல இந்திய மாணவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. காரணம் எளிது. தேர்வுக் குழுவினர் மதிப்பெண் பட்டியலில் முதலில் தேடுவது பொருளாதாரத்தை அல்ல, கணிதத்தை.

இதில் நியாயம் இருக்கிறது. பிஎச்.டி. முதலாண்டில் நுண்ணியல், பேரியல், எகனாமெட்ரிக்ஸ் மூன்றுமே பெரும்பாலும் தேற்றமும் நிரூபணமும்தான். ஆகவே கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, புள்ளியியல் ஆகியவற்றைப் பட்டப்படிப்பிலேயே முடித்திருக்க வேண்டும். ரியல் அனாலிசிஸிலும் நல்ல மதிப்பெண் இருந்தால் தனி மரியாதை. ஜி.ஆர்.இ. கணிதப் பகுதியில் 170க்கு 168, 169 வாங்குவதெல்லாம் முதல் சல்லடையைத் தாண்ட மட்டுமே உதவும்.

ரகுராம் ராஜன் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிவிட்டு எம்.ஐ.டி.க்குப் போகவில்லை. டெல்லி ஐ.ஐ.டி.யில் மின் பொறியியலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் நிர்வாகமும் படித்தவர். பிஎச்.டி. முடித்தது 1991இல்.

அடுத்த தடை, பரிந்துரைக் கடிதம். வழக்கமாக மூன்று கேட்கிறார்கள். 'ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர்' என்ற நற்சான்றிதழ் செல்லாது. மாணவரை ஆய்வில் ஈடுபடுத்தி, அவருடைய திறமையை நேரில் பார்த்தவர் எழுத வேண்டும். இதற்காகவே பட்டம் முடித்தபின் ஓரிரு ஆண்டுகள் ஆய்வு உதவியாளராக வேலை பார்ப்பது இப்போது பரவலாகிவிட்டது.

ஆய்வே நடக்காத சிறு நகரக் கல்லூரியின் மாணவர் என்ன செய்வது? அவருக்குச் சரியான வழி, நல்ல இடத்தில் முதுகலை. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், டெல்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவன வளாகங்கள், ரிசர்வ் வங்கி 1987இல் மும்பையில் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனம் ஆகியவை இதற்குப் பெயர் பெற்றவை. 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் பெற்று, 1983இல் ஜே.என்.யு.வில் எம்.ஏ. முடித்த பிறகே ஹார்வர்டு போனார். மூன்றாண்டுப் பட்டத்தைச் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை என்பதால், அந்த வகையிலும் முதுகலை கைகொடுக்கும். ஆனால் இந்த நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுகளிலும் கணக்கு இல்லாமல் தேற முடியாது.

வசதியில்லாதவர்கள் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. விண்ணப்பக் கட்டணம் கடிக்கும் என்பது உண்மை. ஆனால் இடம் கிடைத்துவிட்டால் முன்னணித் துறைகள் படிப்புக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு உதவித்தொகையும் தருகின்றன. ஏழை மாணவரைத் தடுப்பது பணத்தைவிட, இதையெல்லாம் உரிய காலத்தில் சொல்ல ஆள் இல்லாததுதான். பெருநகரக் கல்லூரி மாணவருக்கு முதலாண்டிலேயே சீனியர்கள் சொல்லிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு விஷயம் தெரியவரும்போது கணிதப் பாடங்களைத் தேர்வு செய்யும் செமஸ்டர்கள் கடந்துபோயிருக்கின்றன. பொருளாதாரம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே இதை வகுப்பில் சொல்லிவிட்டால் செலவு ஒன்றும் இல்லை.